படைத் தலைமைக்கு ஒரு பள்ளி
டேராடூன் இராணுவ அகாடமியின் நோக்கமும் மரபும்

(டில்லியில் தேர்வாணையத் தேர்வுகளுக்குப் பயிலும் தமிழ் இளைஞர்களும் அவர்தம் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் படித்துவிட்டு மத்திய அரசுக் கோப்புகளோடு காலம் கழித்து வரும் ஒருவனைப் படை அதிகாரிகளின் பயிற்சி பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் சீருடை அணிந்தவன் அல்லன். அணிவகுப்பின் நுட்பங்களை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஆயினும் ஒரு பொது நிறுவனம் எதற்காகத் தோன்றியது, அதன் வாயில் யாருக்குத் திறந்திருக்கிறது, அதன் செலவை யார் தாங்குகிறார்கள் என்ற கேள்விகள் எங்கள் துறைக்கு உரியவை. வள்ளுவர் அரசுக்குரிய ஆறு அங்கங்களை எண்ணும்போது படையை முதலிலும், குடியை அடுத்தும், கூழை மூன்றாவதாகவும் வைத்தார். கூழைப் பற்றிப் படித்தவன் படையைப் பற்றிப் பேசுவதற்கு அந்த வரிசையே எனக்குத் துணை.

டேராடூனிலுள்ள இந்திய இராணுவ அகாடமியை நம்மில் பெரும்பாலோர் அறிந்திருப்பது ஆண்டுக்கு இருமுறை, ஜூன் மாதத்திலும் டிசம்பர் மாதத்திலும், நடைபெறும் நிறைவு அணிவகுப்பின் வாயிலாகத்தான். பயிற்சி முடித்த இளைஞர்கள் மெதுநடையில் செட்வுட் மண்டபத்தின் படிகளில் ஏறுகிறார்கள். 'அந்திம் பக்', அதாவது இறுதி அடி, என்று அதற்குப் பெயர். அதன்பின் பெற்றோர் தம் மகனின் தோளில் நட்சத்திரங்களைப் பொருத்துகிறார்கள். காண்பதற்கு இனிய காட்சிதான். ஆனால் அந்தப் படிக்கட்டை அடைவதற்கு இந்தியர்கள் எத்தனை ஆண்டுகள் வாதாட வேண்டியிருந்தது என்பது அந்தக் காட்சியில் தெரிவதில்லை.

வாயில் திறந்த வரலாறு

முதல் உலகப் போர் வரையில் ஓர் இந்தியப் படைவீரன் எத்தனை போர்களைக் கண்டிருந்தாலும் சுபேதார் மேஜர் பதவிக்கு மேல் செல்லும் வழி ஏறக்குறைய இல்லை. முப்பதாண்டு அனுபவமுள்ள சுபேதார் மேஜரும், நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்கார இளைஞனுக்குக் கீழ்ப்பட்டவரே. போரில் இந்தியர் சிந்திய குருதிக்கு ஈடாக 1918இல் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆண்டுக்குப் பத்து இடங்கள் ஒதுக்கப்பட்டன. முப்பது கோடி மக்களுக்குப் பத்து இடங்கள்! அந்தப் பத்தையும் பெறக் கடல்பயணச் செலவு வேண்டும், கல்லூரிக் கட்டணம் வேண்டும், ஆங்கிலேயச் சூழலில் வளர்ந்த பழக்கவழக்கம் வேண்டும். ஆகவே சமஸ்தானாதிபதிகள், பெருநிலக்கிழார்கள், உயர் அலுவலர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கே அது எட்டியது. சட்டத்தில் தடையில்லாத இடத்தில் செலவே தடையாக நிற்பதைப் பொருளாதார மாணவர்கள் அறிவார்கள்.

எட்டாக்கனி கிட்டியவர்களுக்கும் முழு உரிமை கிட்டவில்லை. 1923இல் வகுக்கப்பட்ட திட்டத்தின்படி இந்திய அதிகாரிகள் எட்டுப் படைப்பிரிவுகளில் மட்டுமே அமர்த்தப்பட்டனர். வெள்ளையர் எவரும் இந்தியரின் ஆணைக்குக் கீழ்ப்பட நேரக்கூடாது என்பதே அதன் உட்கருத்து என்று அக்காலத் தேசியத் தலைவர்கள் சட்டமன்றத்தில் எடுத்துரைத்தார்கள். 1925இல் ஸ்கீன் குழு அமைந்தது. மோதிலால் நேருவும் ஜின்னாவும் அதில் உறுப்பினர்கள். மோதிலால் இடையிலேயே விலகிவிட்டார். 1933க்குள் இந்திய மண்ணிலேயே ஒரு படைக் கல்லூரி வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. வட்டமேசை மாநாட்டிலும் அக்கோரிக்கை எழுந்த பின்னர், 1931இல் தலைமைத் தளபதி சர் பிலிப் செட்வுட் தலைமையில் அமைந்த குழு திட்டத்தை முடிவு செய்தது. டேராடூனில் ரயில்வே பணியாளர் கல்லூரிக்கென அமைந்திருந்த கட்டடமும் நிலமும் கையகப்படுத்தப்பட்டு, 1932 அக்டோபர் 1ஆம் நாள் 40 மாணவர்களுடன் அகாடமி தொடங்கியது. புதுக் கட்டடம் எழுப்பிய பின்பே புதுப் பணி என்று காத்திராத அந்தச் சிக்கனத்தை இன்றைய திட்ட அலுவலர்கள் கவனிக்கலாம்.

அந்த 40 பேரில் 15 பேர் திறந்த போட்டித் தேர்வின் வழியாக வந்தவர்கள். 15 பேர் படையில் சிப்பாய்களாகப் பணியாற்றிக்கொண்டிருந்தவர்கள். 10 பேர் சமஸ்தானப் படைகளிலிருந்து வந்தவர்கள். இந்தப் பகுப்பை நான் வலியுறுத்திக் கூற விரும்புகிறேன். தேர்வெழுதி வந்த பட்டதாரி வீட்டுப் பிள்ளையும், துப்பாக்கி தூக்கி வந்த உழவர் வீட்டுப் பிள்ளையும் சம எண்ணிக்கையில் ஒரே வரிசையில் நின்றார்கள். அன்னிய அரசின் தாராள மனமே இதற்குக் காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். டேராடூனில் பயின்றவர்களுக்குச் சாண்ட்ஹர்ஸ்டில் பயின்ற இந்தியர்களைவிடக் குறைந்த ஊதியமே நிர்ணயிக்கப்பட்டது. சொந்த நாட்டில் பணிபுரிபவருக்குக் குறைந்த செலவே ஆகும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். எனினும் வாயில் திறந்தது. திறந்த வாயிலை மீண்டும் மூட முடியவில்லை.

அந்த முதல் அணியினரிலிருந்து மூன்று நாடுகளின் படைத்தலைவர்கள் தோன்றினார்கள்: இந்தியாவுக்கு மானெக்ஷா, பாகிஸ்தானுக்கு முகம்மது மூசா, பர்மாவுக்கு ஸ்மித் டன். ஒரே உணவுக்கூடத்தில் உண்டு, ஒரே மைதானத்தில் நடை பயின்றவர்கள். இங்கே ஒன்றைக் குறிப்பிடத் தோன்றுகிறது. பாகிஸ்தானில் 1958லும் பர்மாவில் 1962லும் படையே ஆட்சியைக் கைப்பற்றியது. நம் நாட்டில் அது நிகழவில்லை. இதற்கு டேராடூனின் பயிற்சியை மட்டும் காரணமாகக் காட்டுவோர் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. ஒரே பயிற்சி மூன்று நாடுகளுக்குச் சென்றது. அரசியலமைப்பும், தேர்தலும், மக்கள் பிரதிநிதிகளுக்குப் படை கட்டுப்படும் வழக்கமும் இங்கே வேரூன்றின. நல்ல அதிகாரியை அகாடமி ஆக்கலாம். அவர் நிற்கும் எல்லையைக் குடியரசுதான் வகுக்க வேண்டும்.

மூன்று வாக்கியங்கள்

1932 டிசம்பர் 10ஆம் நாள் முறைப்படியான தொடக்க விழாவில் செட்வுட் ஆற்றிய உரையின் ஒரு பகுதியே அகாடமியின் கொள்கையாக மண்டபத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் சாரம் இது: நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலமும் எப்போதும் முதலாவது. உன் ஆணைக்குக் கீழுள்ள வீரர்களின் மானமும் நலமும் வசதியும் அடுத்தது. உன் சொந்த வசதியும் பாதுகாப்பும் எப்போதும் கடைசி.

நாட்டுக்காகத் தன்னலம் துறக்க வேண்டும் என்பதை எல்லா மேடைகளிலும் கேட்கிறோம். முதல் வாக்கியமும் மூன்றாவது வாக்கியமும் அந்த வகையைச் சேர்ந்தவை. இக்கொள்கையின் சிறப்பு நடு வாக்கியத்தில்தான் இருக்கிறது. நாடு என்பது கண்ணுக்குத் தெரியாதது. சிப்பாய் கண்ணெதிரே நிற்பவன். அவன் காலில் கொப்புளம் இருக்கிறதா, அவனுக்கு உணவு வந்து சேர்ந்ததா, வீட்டிலிருந்து வந்த கடிதம் அவனைக் கலங்கச் செய்திருக்கிறதா என்பவற்றைக் கவனிப்பது அதிகாரியின் கருணையைப் பொறுத்த காரியம் அன்று, அவருடைய கடமை என்று அந்த வாக்கியம் விதிக்கிறது. வீரர்கள் உண்ட பிறகே அதிகாரி உண்பது என்ற படை வழக்கம் இதிலிருந்து எழுவதுதான். குடிமைப் பணி அலுவலர்களாகிய எங்களுக்கு இதற்கு இணையான எழுதப்பட்ட விதி ஏதும் இல்லை என்பதை ஓரளவு பொறாமையுடன் சொல்கிறேன்.

இந்த நடு வாக்கியத்தைச் செயலாக்கும் மரபுகளே என் கருத்தில் அகாடமியின் உயிர்நாடி. அவற்றுள் முதலாவது 'உஸ்தாத்' முறை. பயிற்சி மாணவருக்கு நடையும் ஆயுதப் பயிற்சியும் கற்பிப்பவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள் அல்லர், ஹவில்தார்களும் சுபேதார்களுமே. பட்டம் பெற்ற இளைஞன் விடியற்காலையில் மைதானத்தில் நிற்கிறான். அவனுடைய தலை நிமிர்வையும் காலணியின் பளபளப்பையும் குறை கூறித் திருத்துபவர், தம் உழைப்பால் படிப்படியாக உயர்ந்த ஒரு சிற்றூர்க்காரர். அவருக்கு அஞ்சி, அவரிடம் கற்று, அவரை மதிக்கப் பழகுகிறான். இறுதி அடியைக் கடந்த பின் அதே உஸ்தாத் அவனுக்குச் சல்யூட் அடிக்கிறார். நேற்றுவரை தன்னைத் திருத்திய கை இன்று தன் முன் உயரும்போது அந்த இளைஞன் மனத்தில் எழும் உணர்ச்சியை எந்தப் பாடநூலும் கற்பிக்க இயலாது.

இரண்டாவது, மொழியும் சமயமும் பற்றியது. பணியில் சேரும் அதிகாரி தன் வீரர்களின் மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர்களுடைய வழிபாட்டில் அவர்களோடு நிற்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து சென்ற இளைஞன் சீக்கியப் பிரிவில் பஞ்சாபி பேசிக் குருத்வாராவில் அமர்கிறான். பஞ்சாபிலிருந்து வந்தவன் சென்னை ரெஜிமெண்டில் தமிழும் மலையாளமும் பழகுகிறான். தேசிய ஒருமைப்பாடு பற்றிக் கருத்தரங்குகள் பல நடத்துகிறோம். அங்கே அது அன்றாட வேலையாகவே இருக்கிறது.

மூன்றாவது, பெயர்கள். மாணவர்களின் நான்கு பட்டாலியன்களுக்குக் கரியப்பா, திம்மையா, மானெக்ஷா, பகத் என்று பெயர். கம்பெனிகளுக்கோ கோஹிமா, அலமைன், கசினோ, நௌஷேரா என இந்தியச் சிப்பாய்கள் போரிட்ட களங்களின் பெயர்கள். தளபதிகள் சிலர்; களங்களில் மாண்ட சிப்பாய்களோ எண்ணிறந்தவர்கள். அவர்களுடைய நினைவோடுதான் மாணவர்கள் நாள்தோறும் அழைக்கப்படுகிறார்கள்.

மரபு என்று சொல்லப்படுபவை அனைத்தும் இதே மதிப்புடையவை என்று நான் கூற மாட்டேன். கத்தியும் முள்ளும் பிடிக்கும் விதம், உணவுக்கூடத்து உடை விதிகள் முதலியவற்றில் பல வெள்ளையர் விட்டுச் சென்ற பழக்கங்களே. அவற்றால் தீங்கில்லை; பெருநன்மையும் இல்லை. சிற்றூரிலிருந்து வருபவன் அவற்றைக் கண்டு கூசி நின்றுவிடாமல் இருந்தால் போதும். ஒரு மாதத்தில் பழகிவிடும். ஆனால் மூத்த மாணவர் இளையவரைத் துன்புறுத்துவது எந்தப் பயிற்சி நிலையத்தில் நடந்தாலும் அது மரபு அன்று. தன் கீழுள்ளவனின் மானத்தைக் காக்கும்படி விதிக்கும் மண்டபத்தின் நிழலில் அதற்கு இடம் இருக்க முடியாது.

ஒரு மாணவரின் வாழ்க்கை

இப்பயிற்சி எத்தகைய மனிதரை உருவாக்க எண்ணியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். பிரேமீந்திர சிங் பகத் 1937இல் அகாடமியில் சேர்ந்து 1939இல் பொறியியல் படையில் அதிகாரியானார். 1941இன் தொடக்கத்தில் அபிசீனியாவில் எதிரி பின்வாங்கும் பாதையெங்கும் கண்ணிவெடிகளைப் புதைத்துச் சென்றிருந்தான். இரண்டாம் லெப்டினென்டாக இருந்த பகத் நான்கு நாட்கள் விடியல் முதல் இருள் வரை உழைத்து, 55 மைல் தொலைவில் 15 கண்ணிவெடிப் பரப்புகளை அகற்றினார். இருமுறை அவர் சென்ற வண்டியே வெடியில் சிக்கியது. உடன் சென்றவர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஒரு காதின் சவ்வு கிழிந்தது. ஓய்வெடுத்துக்கொள், வேறொருவர் தொடரட்டும் என்றபோது அவர் மறுத்துவிட்டார். இத்தனை வெடிகளை அகற்றிய பிறகு இந்த வேலையில் தமக்கே தகுதி அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். தம் அனுபவத்தைக் கணக்கிட்டு, புதியவர் ஒருவரை அபாயத்தில் தள்ளாமல் தாமே ஏற்ற அந்தத் தெளிவு துணிச்சலைவிட அரியது. 'வீரமும் விவேகமும்' என்பதுதான் அகாடமியின் குறிக்கோள் உரை. இரண்டாம் உலகப் போரில் விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்திய அதிகாரி அவரே.

பின்னர் அவர் இதே அகாடமியின் தலைமைப் பொறுப்பை வகித்தார். 1962 போரின் குறைபாடுகளை ஆராய அமைந்த இருவர் குழுவில் ஓர் உறுப்பினரானார். படையிலிருந்து ஓய்வு பெற்றதும் 1974இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷனின் தலைவர் பொறுப்பை ஏற்றார். அணைகளும் மின் நிலையங்களும் கொண்ட அந்நிறுவனத்தின் சீரமைப்பில் ஈடுபட்டிருக்கையிலேயே 1975இல் காலமானார். வளர்ச்சிப் பணியில் ஆர்வமுள்ள இவ்வேட்டின் வாசகர்கள் அவருடைய வாழ்க்கையின் அந்தக் கடைசிப் பகுதியையும் அறிந்திருக்க வேண்டும்.

விடுதலைக்குப் பின்

1947இல் நாடு பிரிந்தபோது அகாடமியும் பிரிந்தது. பாகிஸ்தானைத் தேர்ந்த 110 மாணவர்கள் அக்டோபரில் டேராடூனை விட்டுப் புறப்பட்டார்கள். பிரிகேடியர் தாக்கூர் மகாதேவ் சிங் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்றார். 1949இல் முப்படைகளுக்கும் பொதுவான பயிற்சி டேராடூனிலேயே தொடங்கி, 1954இல் புனேக்கு அருகிலுள்ள கடக்வாஸ்லாவுக்குச் சென்று தேசியப் பாதுகாப்பு அகாடமியாயிற்று. பெயர் மாற்றங்கள் சில கண்டு, 1960இல் டேராடூன் நிறுவனம் மீண்டும் தன் பழைய பெயரைப் பெற்றது. 1962 டிசம்பர் 10ஆம் நாள், சீனப் போரின் காயம் ஆறாத வேளையில், குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதற்குக் கொடி வழங்கினார்.

இக்காலத்தில் வாயில் மேலும் அகன்றது. அதிகாரிப் பதவி சில மாநிலங்களுக்கும் சில குடும்பங்களுக்கும் உரியதாக நின்றுவிடக் கூடாது என்ற எண்ணத்தில் 1961 முதல் சைனிக் பள்ளிகள் தோன்றின. 1962இல் நம் அமராவதி நகரிலும் ஒன்று அமைந்தது. சிப்பாய்களாகச் சேர்ந்தவர்களைப் பட்டதாரிகளாக்கி அதிகாரிகளாக உயர்த்தும் இராணுவக் கேடட் கல்லூரி 1977இல் டேராடூனுக்கே இடம் பெயர்ந்தது. 1932இன் அந்த 15 இடங்களின் நேர் வாரிசு அது. அங்கே மூன்றாண்டு பயின்று, பின் ஓராண்டு அகாடமியில் பயிற்சி பெறுகிறார்கள். தாம் வழிநடத்தும் வீரனின் காலணிக்குள் முன்பே நின்று பார்த்தவர்கள் அவர்கள்.

சென்னையில் 1963இல் பரங்கிமலை அருகே தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி, சீனப் போருக்குப் பின் அவசரமாக அதிகாரிகளை உருவாக்கப் பிறந்தது. 1988இல் அகாடமி என்ற பெயர் பெற்றது. 1992 முதல் பெண்களுக்கும் பயிற்சியளித்து வருகிறது. இலங்கையில் 1987 நவம்பர் 25இல் வீழ்ந்து பரமவீர சக்கரம் பெற்ற மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் அங்கே பயின்றவர். அவர் நடத்தியது மஹார் வீரர்களை. 2014இல் காஷ்மீரில் உயிரீந்து அசோக சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனும் அங்கே பயின்றவரே. அவர் சேர்ந்தது ராஜபுத்திர ரெஜிமெண்டில். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கு நிலையான பணி உரிமையை உறுதி செய்தது. 2025 மே மாதத்தில் கடக்வாஸ்லாவிலிருந்து 17 பெண்கள் முதன்முறையாகப் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள்.

தேர்வு முறை பற்றி ஒரு சொல். பட்டதாரிகளுக்கான ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வைத் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. எழுத்துத் தேர்வில் வென்றவர்கள் பெங்களூர், போபால், அலகாபாத் போன்ற இடங்களிலுள்ள தேர்வுக் குழுக்களின் முன் ஐந்து நாட்கள் சோதிக்கப்படுகிறார்கள். மனப்பாடம் செய்த விடைகளால் பயனில்லை. நடிப்பு இரண்டாம் நாளே கலைந்துவிடும். தேறியவர்களுக்கு டேராடூனில் ஒன்றரை ஆண்டுப் பயிற்சி. அக்காலத்தில் மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் அது ரூ. 56,100. சாண்ட்ஹர்ஸ்ட் காலத்தில் பெற்றோர் செலவழித்து அனுப்பிய நிலை அறவே மாறிவிட்டது.

தீராத கணக்கு

இங்குள்ள பெற்றோர்களுள் ஒருவர், பயிற்சியிலேயே பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால் என்ன ஆகும் என்று கூட்டம் தொடங்குமுன் என்னிடம் கேட்டார். நேர்மையான கேள்வி, நேர்மையான விடையும் வேண்டும்.

1971 ஜூன் மாதத்தில் டேராடூனிலிருந்து வெளிவந்த அருண் கேத்ரபால் அவ்வாண்டு டிசம்பர் 16இல் பசந்தர் களத்தில் தம் டாங்கியிலேயே மாண்டார். வயது 21. நாடு அவருக்குப் பரமவீர சக்கரம் அளித்து, அவர் பெயரைப் போற்றி வருகிறது. ஆனால் அதே மைதானத்தில், அதே கடினமான பயிற்சியில், முதுகெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் அமர்ந்துவிட்ட மாணவனின் நிலை வேறு. இறுதி அடியை எடுத்து வைத்த பிறகே அவன் அதிகாரி. அதற்கு ஒரு நாள் முன் விழுந்தாலும் அவன் விதிப்படி படைவீரன் அல்லன். ஆகவே முன்னாள் படைவீரனும் அல்லன். அவனுக்குக் கிடைப்பது ஓய்வூதியம் என்று பெயரிடப்படாத கருணைத் தொகை. 1985 முதல் இவ்வாறு பல்வேறு அகாடமிகளிலிருந்து உடல்நலக் காரணத்தால் வெளியேறியவர்கள் சுமார் 500 பேர் என்று செய்தி வெளியானது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. அதே மாத இறுதியில், முன்னாள் படைவீரர்களுக்குரிய பங்களிப்பு மருத்துவத் திட்டத்தில் இவர்களையும் சேர்க்க அரசு ஒப்புக்கொண்டது. நல்ல தொடக்கம், மிகவும் காலம் கடந்த தொடக்கம்.

கணக்கு நோக்கில் பார்த்தாலும் இந்த வேறுபாட்டுக்கு நியாயம் இல்லை. பயிற்சியின் கடுமையை வகுத்தவர் அரசு; அதன் பயனைப் பெறுபவர் நாடு; விபத்தின் சுமை மட்டும் ஒரு குடும்பத்தின் தலையில் விழுகிறது. நாடு முழுவதும் பகிர்ந்தால் ஒரு துளியாகிவிடும் செலவு, ஓர் ஆசிரியர் வீட்டிலோ உழவர் வீட்டிலோ தலைமுறைக் கடனாகிறது. தன் கீழுள்ளவரின் நலம் தன் நலத்துக்கு முந்தியது என்ற நடு வாக்கியம் இருபது வயது மாணவனுக்குக் கற்பிக்கப்படுகிறது. அதைக் கற்பிக்கும் அரசுக்கும் அது பொருந்தும். ஓய்வூதியமும் மறுவாழ்வும் இன்னின்ன அளவில் என்று விதியாகவே வகுக்கப்பட வேண்டும், கருணையாக அன்று.

பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. சேரும்போது கையெழுத்திடும் படிவங்களைப் பெற்றோர் முழுவதும் படித்துப் பாருங்கள். காப்பீடு எவ்வளவு, யார் தருவது என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். தேர்வு முறை, வயது வரம்பு பற்றி இளைஞர்கள் எழுதித் தந்த கேள்விகள் என் கையில் இருக்கின்றன. அவற்றை இப்போது ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.